கேட்டுக்கு வெளியே

"மொதல்ல சத்தியம் பண்ணு. பெறகு ஊசியக் குத்தச் சொல்லு" என்று வெள்ளைத்துரை கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஒருதரம் ஊசியைப் பிடுங்கி எறிந்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்து முழங்கை வரைக்கும் ஓடியிருந்தது. நர்சு சுமைரா பஞ்சும் பிளாஸ்திரியுமாகப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அந்த வார்டில் இன்னும் பதினெட்டுக் கட்டில் பாக்கி இருந்தது.

பாண்டிலட்சுமி கால்மாட்டில் நின்று மடித்த செய்தித்தாளால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். புருசனின் வலது காலில் கணுக்கால் வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டையும் மீறி வாடை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"என்ன சத்தியம்ங்க? மருந்து ஏறட்டும், பெறகு பேசுவோம்."

"எனக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு நெனச்சியா? காலைல அந்த டாக்டரம்மா ஒன்னைய நடைக்குக் கூட்டிட்டுப் போயி சொன்னது அம்புட்டும் காதுல விழுந்துச்சு. எனக்கு நெனவு தப்பிட்டா நீ கையெழுத்துப் போடலாமாம்ல. நீ போட்ருவ புள்ள. எனக்குத் தெரியும்."

 முப்பது வருசம் கூட இருந்த மனுசன் அவள் மனசுக்குள் கையை விட்டு எடுத்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. எதையும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. காலில் அழுகல், சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, சர்க்கரை ஐநூறைத் தாண்டி நிற்கிறது, முட்டிக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும், அதுவும் இன்றைக்கே. எடுத்தால் ஆள் பிழைக்க வழி உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. ஆனால் சுயநினைவோடு இருக்கிறவர் வேண்டாம் என்றால் நாங்கள் தொட முடியாது என்றும் சொன்னாள். "அவுகளுக்கு நெனவு தப்பிட்டா?" என்று கேட்டது பாண்டிலட்சுமிதான். "தப்பிட்டா சம்சாரம் நீங்க போடலாம்மா" என்றாள் டாக்டரம்மா.

அந்த நிமிசத்திலிருந்து பாண்டிலட்சுமியின் மனசு இருக்கங்குடி மாரியம்மனிடம் ஒரே வேண்டுதலைத்தான் வைத்துக்கொண்டிருந்தது. தாயே, அவுகளுக்கு நெனவு தப்பணும். எந்தப் பொம்பளையாவது புருசனுக்காக இப்படி வேண்டியிருப்பாளா? தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் வேண்டினாள். மனுசனோ அன்றைக்கென்று தெளிவாக, கண்ணைச் சிமிட்டாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"சங்கரபாண்டி அண்ணனை என்ன செஞ்சாக? ஒனக்கு மறந்து போச்சா?" என்றார் வெள்ளைத்துரை. "மொதல்ல பெருவிரலு. பெறகு பாதம். பெறகு முட்டி. தவணை போட்டுல்ல வெட்டுனாக. ஆறு மாசம் அந்த மதினி அவனைப் பிள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போயி வெளிக்கி இருக்க வச்சா. அவன் அழுதது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது. நான் அப்படிக் கெடக்க மாட்டேன்."

"ஒங்க அண்ணன் காலை எடுத்த பெறகும் ரெண்டு வேளையும் பரோட்டாக் கடைல ஒக்காந்தாக. நம்ம அப்படியா? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நம்ம பய விக்னேசு தலைமேல ஆணையா போட மாட்டேன்னு சொல்லி என் கைல அடி."

"அவன் தலை எதுக்கு? என் தலைமேல பண்றேன்."

"ஒன் தலைய வச்சி நீ என்ன வேணும்னாலும் செய்வ. அவன் தலைன்னாத்தான் நிப்ப."

மற்ற ஊர்களில் பிள்ளை தலைமேல் சத்தியம் என்றால் அது வாய்ப்பேச்சு. நாலு நாளில் மறந்துபோகும். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் அப்படி இல்லை. அங்கே பிள்ளை காலையில் ஏழு மணி வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறான். சாயங்காலம் அதே வேனிலிருந்து அவன் இறங்குகிற வரைக்கும் தாய்க்குச் சோறு இறங்காது. எங்கேயாவது டமார் என்று சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். விக்னேஷ்வரனுக்கு இருபத்தி இரண்டு வயசு. அப்பன் வேலை பார்க்கும் அதே கம்பெனியில்தான் வாணக் குழாய்க்கு வெடிமருந்து அடைக்கிற ஷெட்டில் இருக்கிறான். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம். சீசன் உச்சத்தில் இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளையின் தலைமேல் சத்தியத்தை ஏற்றிவிட்டு மீறுவது என்றால் சும்மாவா?

"யம்மா, எனக்கு நேரமில்ல" என்றாள் சுமைரா. "இந்த மருந்து இப்ப ஏறலேன்னா நீங்க எதைப் பேசியும் புண்ணியமில்ல. சட்டுனு முடிங்க."

வெள்ளைத்துரை உள்ளங்கையை நீட்டினார். பட்டாசுக்குச் சேர்க்கிற அலுமினிய வெள்ளிப்பொடி ஊறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் ரேகையெல்லாம் மின்னுகிற கை. பாண்டிலட்சுமி அந்தக் கையையும் பார்த்தாள், மேலே தொங்குகிற மருந்துப் பாட்டிலையும் பார்த்தாள்.

"விக்னேசு தலைமேல சத்தியமா போட மாட்டேன்" என்று அடித்தாள்.

அவர் சமர்த்தாகக் கையை சுமைராவிடம் கொடுத்தார்.

*

சும்மா சொல்லக் கூடாது, வெள்ளைத்துரை மாதிரி வேலைக்காரன் அந்த வட்டாரத்தில் கிடையாது. இருபத்தியாறு வருசமாகக் கலவை அறையில் இருக்கிறார். வெள்ளிப்பொடியையும் கந்தகத்தையும் வெடியுப்பையும் அளவு பார்த்துச் சலித்துக் கலக்குகிற அறை அது. உள்ளே இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. ஓடக் கூடாது. எதையும் இழுக்கக் கூடாது. இருபத்தியாறு வருசம் வெறுங்காலோடு நின்ற பாதம் மாட்டுத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது என்பதில் மனுசனுக்கு ஒரு பெருமை. "எனக்கெல்லாம் காலு இல்லடா, லாரி டயரு" என்று ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

சர்க்கரை இருக்கிறதென்று ஆறு வருசத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த முகாமில் சொன்னார்கள். அவருடைய ஐயாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது, அதனால் அவருக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாசம் தின்றார். பிறகு, "உப்பா வேர்வை ஊத்துது, இதுல எங்கிட்டு சர்க்கரை நிக்கப் போகுது" என்று விட்டுவிட்டார். அவள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். ஆனால் முழுசாக மல்லுக்கட்டினாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

ஏனென்றால் வெல்லத்தை அவளே அல்லவா கொடுத்தாள். கலவை ஆட்களுக்கு வேலை முடிந்ததும் ஒரு உருண்டை வெல்லம் தின்ன வேண்டும். தின்றால் நெஞ்சில் படிந்த பொடி எல்லாம் வயிற்றுக்குள் இறங்கிப் போய்விடும் என்று நம்பிக்கை. கம்பெனியிலேயே கேட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அவருக்கு அது பத்தாது. வீட்டுக்கு வந்து இன்னொரு உருண்டை கேட்பார். வெல்லம் ஆகாதென்று முகாமில் சொன்னது அவளுக்கு ஞாபகம்தான். ஆனால் அண்ணன் சங்கரபாண்டி இருமி இருமிச் சளியில் வெள்ளி துப்பியதும் ஞாபகம் இருந்தது. சர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை, பொடி தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததற்கு வைத்தியம் பார்த்தாள்.

அந்தக் கால் கதையும் அதுதான். தினமும் சாயங்காலம் அவர் கல்லில் உட்கார, அவள் தேங்காயெண்ணெய் தடவி, பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துக் காலைக் கழுவிவிடுவாள். வெள்ளிப்பொடி லேசில் போகாது. நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் கருப்பாக அப்பிக்கொள்ளும். வலது காலின் சுண்டுவிரலில் கருப்பு இறங்கியிருந்ததை அவள் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே பார்த்தாள். பொடி என்றுதான் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தாள். மறுநாளும் போகவில்லை. செங்கல் தூளைத் தொட்டுத் தேய்த்தாள். "வலிக்காங்க?" என்று கேட்டதற்கு, "நீ தேய் புள்ள, கூச்சம்கூட இல்ல" என்றார். ஒருநாள் தேய்க்கும்போது தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அது பொடி இல்லையென்று தெரிந்தது. அதற்குப் பிறகும் அவர் நாலு நாள் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது.

"எத்தனை நாளா கருப்பா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "ஒரு வாரமா" என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரம் நான்தான் தேய்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

*

மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் வெள்ளைத்துரை தெளிவாகத்தான் இருந்தார். இட்லியை வேண்டாமென்று தள்ளினார். கலவை அறையில் தன் இடத்தில் இப்போது யார் நிற்கிறான் என்று கேட்டார். போர்மேன் காசிராஜன்தான் ரெண்டு நாளாகச் சமாளிக்கிறார் என்று சொன்னதும், "அவனுக்குக் கை பதறும். பதறுற கை அங்கன ஆகாது" என்றார். தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு குடித்தார், மறுபடியும் கேட்டார். பாண்டிலட்சுமி ஒவ்வொரு தரம் தண்ணீர் கொடுக்கும்போதும் அவர் கண்ணைப் பார்த்தாள். கண் நிலைகுத்துகிறதா என்று பார்த்தாள். சத்தியம் பண்ணின பிறகும் பார்த்தாள். தன் புத்தியை நினைத்தால் அவளுக்கே கூசியது.

"என்ன புள்ள அப்படிப் பார்க்குத?"

"ஒண்ணுமில்லங்க."

"அழுவாத. காலோட போனேன்னு இருக்கட்டும்."

இரண்டரைக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. பேச்சு குழறியது. அவளை மதினி என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் போர்வைமேல் வந்து ஒன்றை ஒன்று பார்த்தபடி லேசாக ஆட ஆரம்பித்தன. முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு தெரிந்தது. சல்லடை பிடித்துச் சலித்துக்கொண்டிருந்தார். மெதுவாக, தூசு எழும்பாமல், இருபத்தியாறு வருசப் பழக்கத்தில் ஒரே சீராகச் சலித்தார்.

"ஏங்க. இங்காருங்க. ஏங்க." உலுக்கினாள். கை சலித்துக்கொண்டே இருந்தது. கண் எங்கேயோ போய்விட்டது.

வேண்டினது நடந்துவிட்டது. மாரியாத்தா காதில் அவள் குரல் விழுந்துவிட்டது.

சுமைரா ஓடிவந்து நாடி பார்த்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா வந்து கன்னத்தில் தட்டினாள், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தாள். மணி மூன்று அடிக்கப் பத்து நிமிசம். "யம்மா, இப்ப நீங்கதான். தியேட்டர்ல சொல்லிட்டேன், ரெடியா இருக்கு. கையெழுத்துப் போட்டா கொண்டு போயிருவோம்" என்று ஒப்புதல் பாரத்தை அட்டையில் செருகி நீட்டினாள். "எழுதத் தெரியும்ல?"

"எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றாள் பாண்டிலட்சுமி.

பேனாவை வாங்கினாள். குனிந்தாள். 'பா' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.  விக்னேசு இந்நேரம் ஷெட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழாய்க்குள் மருந்து அடைத்துக்கொண்டிருப்பான். முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் மருந்து. சுற்றி மருந்து. அவன் தலைமேல் ஏற்றின சத்தியத்தை இங்கே அவள் உடைத்தால், அது அங்கே போய் விழாமல் எங்கே விழும்?

"யம்மா?" என்றாள் டாக்டரம்மா.

"ஒரு நிமிசம் தாயீ. ஒரே நிமிசம்" என்று பாரத்தோடும் பேனாவோடும் நடைக்கு ஓடினாள்.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டிலேயே வாங்கி மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் மகன் நம்பரை அமுக்கினாள். மணி அடித்து அடித்து அடங்கியது. மறுபடி அமுக்கினாள். அந்தப் பெட்டிக்குள் நூறு போனுக்கு நடுவில் அவனுடையது அடித்துக்கொண்டு கிடக்கும். மூன்றாம் தரம், நான்காம் தரம். கடவுளே, எவனாவது எடுக்க மாட்டானா? ஒன்பதாவது தரம் வாட்ச்மேன் எடுத்தான்.

"யாரும்மா அது, விடாம அடிக்கது? சீசன் நேரத்துல—"

"நான் வெள்ளைத்துரை சம்சாரம். எம்மகனைக் கூப்பிடுங்க."

குரல் மாறியது. "அண்ணனுக்கு ஏதும் ஆயிப் போச்சா மதினி?"

"கூப்பிடுங்கண்ணே. கேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

கேட்டிலிருந்து அந்த ஷெட் கடைசியில் இருக்கிறது. ஒரு ஷெட் வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். தகவல் சொல்லப் போகிற ஆளும் நடந்துதான் போக வேண்டும். வருகிற பிள்ளையும் நடந்துதான் வரவேண்டும். அப்பனே சாகக் கிடந்தாலும் உள்ளே ஓடக் கூடாது. பாண்டிலட்சுமி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிசம் ஆனது. பதினைந்து ஆனது. சுமைரா வந்து, "டாக்டர் கேக்குறாங்கம்மா, என்ன பண்றீங்க?" என்றாள். "போடுறேன், போட்ருறேன்" என்றாள். இருபத்தைந்து ஆனது. டாக்டரம்மாவே வாசலுக்கு வந்து பார்த்து, "நேரம் போகுதும்மா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

"யம்மா" என்றது போன். "யம்மா, அப்பாவுக்கு என்ன?"

"எங்கலே நிக்க?"

"வாட்ச்மேன் ரூம்ல. அப்பாவுக்கு என்னம்மா?"

"வெளிய போ."

"என்னது?"

"கேட்டுக்கு வெளிய போலே. ரோட்டுக்குப் போ."

"எதுக்கும்மா? என்னன்னு சொல்லு."

"சொன்னதைச் செய்யி."

இரும்புக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மகன் மூச்சு வாங்குவது கேட்டது. "ரோட்டுல நிக்கேம்மா."

"இன்னும் தள்ளிப் போ. பஸ் நிக்கிற எடத்துக்குப் போயிரு."

"யம்மா, நீ பேசுறதே சரியில்லயே—"

"போயிட்டியா?"

"வந்துட்டேன். நிக்கேன்."

"இன்னைக்கு இனிமே உள்ள போகக் கூடாது. நாளைக்கும் போகக் கூடாது. போக மாட்டேன்னு சொல்லு."

"போகலம்மா. பஸ் வருது, நான் அங்கனதான் வாரேன். போகல. போதுமா?"

பாரத்தைச் சுவரில் வைத்து 'ண்டிலட்சுமி' என்று மிச்சத்தை எழுதினாள். சுவர் சொரசொரப்பில் எழுத்து கோணலாக விழுந்தது. போன் இன்னும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தது. பஸ்ஸில் ஏறுகிற சத்தமும், கண்டக்டர் உள்ளே போகச் சொல்கிற சத்தமும் கேட்ட பிறகுதான் வைத்தாள்.

*

தள்ளுவண்டியில் வைத்துத் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் விழுந்துகிடக்கிறது, இந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே போய்விடுவார், முதலில் ஏற்றுங்கள் என்றார். ஏற்றுவதற்கு ஒரு மருந்து போட்டார்கள், பிறகு இன்னொன்று போட்டார்கள். தியேட்டர் வாசலிலேயே அவரை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால் அப்படியே இருந்தது. கை மட்டும் சலிப்பதை நிறுத்தியிருந்தது.

விக்னேஷ்வரன் வரும்போது ஐந்தே கால். புருவத்திலும் காதிலும் வெள்ளிப்பொடி அப்படியே இருந்தது. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, நான் வந்துட்டேன்" என்று மூன்று தரம் சொன்னான். ஐந்தே முக்காலுக்கு வெள்ளைத்துரை போனார்.

டாக்டரம்மா பாண்டிலட்சுமியின் தோளைத் தொட்டாள். "ஒரு மணி நேரம் முந்திப் போட்டிருந்தாலும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ரொம்ப முத்திப் போயித்தான் வந்தாரு." நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். பாண்டிலட்சுமிக்கு அதில் ஒரு மணி நேரம் மட்டும்தான் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சுமைரா ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். "பாடிய வாங்கிக்கிட்டதுக்கு. இங்கன போடுங்கம்மா." பேனாவை வாங்கியதும் பாண்டிலட்சுமி பழக்கதோசத்தில் வண்டியில் கிடந்தவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அதற்கு யாரையும் எங்கேயும் போய் நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

காலையில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, வலது காலை மட்டும் புதுவேட்டியால் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருந்தார்கள். பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். வெள்ளைத்துரையின் தங்கச்சி பஞ்சம்மாள் தாயில்பட்டியிலிருந்து விடியுமுன் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம்பளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக இருந்தார்கள். "எப்படியோ முழுசாப் போய்ச் சேர்ந்தான். அண்ணன்காரன் மாதிரி அரையும் குறையுமாக் கெடந்து சீரழியல" என்று யாரோ சொல்ல, ஆமாம் ஆமாம் என்றார்கள். பாண்டிலட்சுமிக்கு எழுந்து போய் அந்த ஆளின் வாயில் அடிக்கலாம் போல இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ராத்திரியிலிருந்து அவள் கண் மகன் போகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் குடிக்கப் போனால் பார்த்தாள். ஒன்றுக்குப் போனால் திரும்பி வருகிறவரைக்கும் பார்த்தாள்.

ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெரு முனையில் வந்து நின்றது. இருபது பேர் இறங்கி வந்தார்கள். எல்லாரும் வெள்ளைத்துரையோடு வருசக்கணக்காக வேலை பார்த்தவர்கள். கம்பெனி மாலையைப் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே வேனுக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் வடக்கே போகிற லோடு ஒன்று பாக்கி. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

போர்மேன் காசிராஜன் மட்டும் நின்றார். விக்னேஷ்வரனின் தோளில் கைபோட்டுப் பந்தல் கால் ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோனார். மெதுவாகத்தான் பேசினார். பாண்டிலட்சுமி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கேட்டது.

"மொதலாளி சொல்லிவிட்டாகப்பா. ஒங்கப்பா எடத்துக்கு வேற ஆளு போடல. பதினாறு கழியட்டும். நீ கலவை ரூமுக்கு வந்துரு. சம்பளமும் கூட. ஒங்கப்பன் கை ஒனக்கு இருக்கும், பதறாத கை."

 விக்னேஷ்வரன் தலையை ஆட்டினான். "சரிண்ணே."

வேன் ஆரன் அடித்தது. காசிராஜன் நடக்க, வழியனுப்புகிற மரியாதைக்கு அவனும் கூடவே இரண்டு எட்டு நடந்தான்.

பாண்டிலட்சுமி எழுந்துவிட்டாள். பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தவள், குத்துவிளக்கைத் தட்டிவிட்டதுகூடத் தெரியாமல், பந்தலைத் தாண்டி ஓடினாள். தெருவில் பாதியில் மகனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் தடுமாறித் திரும்பினான்.

"யம்மா."

 வேன் கிளம்பி அச்சங்குளம் ரோட்டில் திரும்புகிறவரைக்கும் பிடித்தபடியே நின்றாள். வேன் மறைந்த பிறகும் விடவில்லை. அப்படியே அவனைப் பந்தலுக்குள் இழுத்து வந்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். புருசன் போன துக்கம் இப்பத்தான் ஏறுது, பாவம் என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். அவள் பண்ணின சத்தியமும் அதை அவள் உடைத்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. சத்தியம் வாங்கின ஆள் பெஞ்சில் கிடந்தார். அவள் சாகிறவரைக்கும் இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

"நாளைக்கும் போக மாட்டேன்னுதானலே சொன்ன?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நாளைக்குப் போகலம்மா" என்றான். பிறகு, "பதினாறு கழிச்சுத்தான்" என்றான். அடுத்த வேளைச் சோற்றுக்கு வேறு என்ன வழி இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நேரமாகிவிட்டது. கொள்ளி போடுகிற மகன்தான் ஊர்க்குழாய்க்குப் போய், மேல்சட்டை இல்லாமல், நீர்மாலைக் குடத்தைச் சுமந்துவர வேண்டும். பஞ்சம்மாள் வந்து குனிந்தாள்.

"சட்டைய விடு மதினி. பிள்ள நீர்மாலைக்குப் போகணும். எல்லாரும் காத்திருக்காக."

விரலைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொருத்தி வந்தாள். அவளாலும் முடியவில்லை.

"இருங்கத்தே" என்றான் விக்னேஷ்வரன். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். முதலில் இடது கையை உருவினான், பிறகு வலது கையை. தெருவில் சங்கு ஊதினார்கள். அவன் வெற்றுடம்போடு எழுந்து, குடத்தை வாங்கிக்கொண்டு, முன்னால் போகிற கூட்டத்தோடு நடந்தான். அவள் மடியில் சட்டை இரண்டு கைப்பிடிக்குள்ளும் கசங்கிக் கிடந்தது.